ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: முதுமையில் வரும் மாக்குலா நோயைக் குறித்து ஒரு பாடம்



"வயதாகிவிட்டது, கண் மங்கத்தானே செய்யும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். பிள்ளைகளும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மங்கலில் கண்ணாடி மாற்றினால் சரியாவது உண்டு. புரை எடுத்தால் சரியாவதும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத ஒன்றும் உண்டு. அது விழித்திரையின் நடுப்பகுதியைத் தாக்கும் முதுமைக்கால மாக்குலா நோய். 2014-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகத்தில் இந்நோய் உள்ளவர்கள் 2020-ல் 19 கோடியே 60 லட்சம் பேராகவும், 2040-ல் 28 கோடியே 80 லட்சம் பேராகவும் இருப்பார்கள்.

இந்நோயின் ஒரு வகையில் சில வாரத் தாமதமே வாசிக்கும் பார்வையைப் பறித்துவிடக்கூடும். ஆகையால் நோய் என்ன செய்கிறது, கண்ணின் படம் எதைக் காட்டுகிறது, பார்வைப் பரிசோதனை எதைச் சொல்லுகிறது என்னும் மூன்று காரியங்களை இப்பாடத்தில் கவனிப்போம். இந்த நோயை அறிய ஒரு சாட்சி போதாது. படமும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும். அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே வேண்டும்.

1. மாக்குலா என்பது என்ன?

கண்ணின் பின்சுவரில் உட்புறமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அதன் நடுவே சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தை வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, எதிரே வருகிறவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் இந்தச் சிறிய இடத்தின் வேலை. விழித்திரையின் மற்றப் பகுதிகள் பக்கங்களிலுள்ளவற்றைப் பார்க்கின்றன.

ஒளியை உணரும் செல்களுக்கு அடியில் நிறமிப் படலம் என்ற ஒரு வரிசை இருக்கிறது. மேலேயுள்ள செல்களுக்கு ஆகாரம் கொடுப்பதும் கழிவை அகற்றுவதும் அதன் பணி. வயது ஏற ஏற இந்தத் துப்புரவு வேலை தளர்கிறது. அப்போது அகற்றப்படாத கழிவு மஞ்சள் நிறப் புள்ளிகளாக அடியில் தங்குகிறது. இவற்றை மருத்துவர்கள் ட்ரூசன் என்கிறார்கள். 63 மைக்ரானுக்குக் குறைவான சிறு புள்ளிகள் மட்டும் இருந்தால் அது முதுமையின் இயல்பு. 63 முதல் 125 மைக்ரான் வரை இருந்தால் நோயின் ஆரம்ப நிலை. 125 மைக்ரானுக்கு மேற்பட்டால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால், நடுத்தர நிலை. 2013-ல் வெளியான வகைப்பாடு இவ்வாறு பிரிக்கிறது.

நோய் முற்றும்போது இரண்டு வழிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ போகலாம். முதலாவது, உலர்ந்த வகை. இதில் நிறமிப் படலமும் அதன் மேலுள்ள செல்களும் மெல்ல மெல்ல அழிந்து, திட்டுத் திட்டாக வெறுமை உண்டாகிறது. இதற்கு வருடக்கணக்காகும். இரண்டாவது, ஈர வகை. பழைய சுவரின் விரிசலில் அரசங்கன்று வேர்விட்டுச் சுவரைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, அடிச்சவ்வின் பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு புதிய இரத்தக்குழாய்கள் மேலே வருகின்றன. அவை உறுதியற்றவை. அவற்றிலிருந்து நீரும் இரத்தமும் கசிந்து மாக்குலாவை வீங்கச் செய்கின்றன. இந்நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே ஈர வகை வந்தாலும், பார்வையை வேகமாகக் கெடுப்பது இதுதான்.

2. நோய் வந்தது ஏன் தெரிவதில்லை?

இந்நோயில் வலி இல்லை. கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. அதோடு, நமக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன. ஒரு கண்ணின் நடுப்பார்வை குறைந்தால் மற்றக் கண் அந்தக் குறையை மூடிவிடுகிறது. அந்த நல்ல கண்ணும் கெடும்போதுதான் பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். அதற்குள் முதற்கண்ணில் தழும்பு விழுந்திருக்கும்.

மூளையும் சும்மா இருப்பதில்லை. பார்வையில் சிறு ஓட்டை விழுந்தால், சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆகவே கரும்புள்ளி எதையும் காணாதவர், "ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் தெரிகிறது" என்று சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

3. முதலாம் சாட்சி: கண்ணின் படம்

உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் பார்க்க உதவும் கருவியை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் விவரித்து வெளியிட்டார். அதற்குப்பின் விழித்திரையைப் புகைப்படம் எடுக்கும் கருவிகள் வந்தன. 1961-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களாயிருந்த நோவட்னி, ஆல்விஸ் என்னும் இருவர் ஒரு புதிய வழியை வெளியிட்டார்கள். ஃப்ளோரசீன் என்ற சாயத்தைக் கைநரம்பில் ஊசியாகச் செலுத்தினால், சில விநாடிகளில் அது கண்ணின் இரத்தக்குழாய்களுக்கு வந்து சேரும். அப்போது தொடர்ச்சியாகப் படம் எடுத்தால் எந்தக் குழாய் கசிகிறது என்று தெரியும். இந்த ஆஞ்சியோகிராம் பரிசோதனை இன்றும் செய்யப்படுகிறது. சிலருக்குச் சற்று நேரம் குமட்டல் வரும். சிறுநீர் ஒரு நாளளவும் மஞ்சளாய்ப் போகும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இன்று மிகுதியாகப் பயன்படுவது ஓ.சி.டி. ஸ்கேன். ஃபூஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் முதலானோர் 1991-ல் இதை வெளியிட்டார்கள். இதில் எக்ஸ்ரே இல்லை, ஊசியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்தி, விழித்திரையின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் அது திரும்பி வரும் விதத்தைக் கருவி அளக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு அளவான நுட்பமும் அதில் புலப்படும். தாடையையும் நெற்றியையும் கருவியில் வைத்து, உள்ளே தெரியும் சிறு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுப்பார்வை போனவருக்கு அந்த வெளிச்சம் தெரியாமற்போகலாம். அதைத் தயங்காமல் சொன்னால், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று சோதனை செய்பவர் வழிகாட்டுவார்.

அந்தப் படத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அடுக்கு அடுக்காய் வெட்டிய கேக்கின் பக்கத் தோற்றம் போல விழித்திரை காணப்படும். நடுவே ஆழமில்லாத கிண்ணம் போன்ற பள்ளம் இருப்பது நலமான அடையாளம். அடி வரிசையில் சிறு மேடுகள் தெரிந்தால் அவை ட்ரூசன். அடுக்குகளுக்கு நடுவிலோ அடியிலோ கறுப்புக் குழிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது கசிந்த நீர். நீரிலிருந்து ஒளி திரும்பி வராததால் அது கறுப்பாய்த் தெரிகிறது. மருத்துவர் முதலில் தேடுவது இந்தக் கறுப்பைத்தான்.

4. இரண்டாம் சாட்சி: பார்வைப் பரிசோதனை

நாம் எல்லாரும் அறிந்த எழுத்து அட்டையை நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்டார். 6/6 என்றால் ஆறு மீட்டரில் பார்க்க வேண்டியதை ஆறு மீட்டரில் பார்க்கிறார் என்று பொருள். 6/60 என்றால் நல்ல கண் அறுபது மீட்டரில் காண்பதை இவர் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் காண்கிறார். 1976-ல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லோவி என்னும் இருவர் ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்துகள் இருக்கும்படி அட்டையைத் திருத்தினார்கள். இதனால் ஒருவர் எத்தனை எழுத்துகள் இழந்தார் அல்லது பெற்றார் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது.

எளிமையான இன்னொரு பரிசோதனை ஊசித்துளை அட்டை. சிறு துளை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிவானால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் தீரக்கூடியது. துளை வழியாகவும் தெளியாவிட்டால், காரணத்தைக் கண்ணுக்குள்ளே தேட வேண்டும். புதுக் கண்ணாடி மேல் புதுக் கண்ணாடி வாங்கியும் வாசிக்க முடியவில்லை என்கிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆம்ஸ்லர் கட்டம். சுவிட்சர்லாந்து மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் 1940-களில் இதைக் கொண்டுவந்தார். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில், அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் கட்டங்களும், நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புள்ளியையே பார்க்க வேண்டும். கோடு வளைந்தோ, அலை போலவோ, விடுபட்டோ தெரிந்தால் அது அபாய அறிவிப்பு. விழித்திரை நீரால் உயர்ந்து வளைந்தால், நேர்கோடும் வளைந்து தெரிகிறது.

5. சாட்சிகள் ஒத்துப்போகாதபோது

ஒருவரைச் சோதிக்கும்போது அட்டையில் 6/6 வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படமோ பெரிய ட்ரூசன்களைக் காட்டுகிறது. "பார்வை நன்றாயிருக்கிறதே, எதற்கு மறுபடியும் வரச் சொல்கிறார்கள்?" என்று குடும்பத்தார் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கண்ணுக்கு ஆபத்து அருகில் வரக்கூடும் என்று படம் முன்னறிவிக்கிறது.

வேறொருவருக்கு உலர்ந்த வகையின் வெறுமைத் திட்டுகள் மையத்தைச் சுற்றி மோதிரம் போல வந்திருக்கின்றன. நடுவில் மட்டும் சிறு தீவு மிஞ்சியிருக்கிறது. தனி எழுத்து அந்தத் தீவுக்குள் அடங்குவதால் அட்டையை நன்றாக வாசிக்கிறார். ஆனால் பாமாலையில் ஒரு வரி முழுவதையும் தொடர்ந்து வாசிக்க அவரால் முடிவதில்லை, சொற்கள் நழுவிப்போகின்றன. மாலை மங்கலில் படி தெரிவதில்லை. வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கண் பழகுவதற்கு வெகுநேரமாகிறது. அட்டை இவருக்கு ஒன்றும் இல்லை என்கிறது. அவருடைய முறையீடே மெய்யானது. படம் எடுத்தால் காரணம் வெளிப்படும்.

ஆகையால் பெரியவர் ஒருவர், "எழுத்தெல்லாம் சொல்லிட்டேன், ஆனாலும் ஏதோ சரியில்லை" என்றால் அவரை அடக்கிவிடாதேயுங்கள். எப்பொழுது, எந்த வெளிச்சத்தில், எதைச் செய்யும்போது என்று விசாரித்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. சிகிச்சையும் தாமதமும்

ஈர வகைக்கு இன்று சிகிச்சை உண்டு. இரத்தக்குழாய் வளரத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். ரானிபிசுமாப் என்ற மருந்துக்கு 2006-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவ்வருடம் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் அட்டையில் பதினைந்து எழுத்துகளுக்குக் குறைவாகவே இழந்து பார்வையைக் காத்துக்கொண்டவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேர். பெறாதவர்களில் 62 பேர். பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதினைந்து எழுத்துகளோ அதற்கு மேலோ கூடின. புற்றுநோய்க்காக வந்த பெவசிசுமாப் என்ற விலை குறைந்த மருந்தும் ஒரு வருடத்தில் இதற்கு ஒப்பான பலனைத் தருகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆனால் மருந்து கசிவை நிறுத்துமே தவிர, தழும்பை அகற்றாது. சீக்கிரமாய் வருவது அதனால்தான் முக்கியம். ஈர வகை என்று சந்தேகித்தால் ஒரு வேலை நாளுக்குள் அனுப்பிவைத்து, 14 நாட்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்று இங்கிலாந்தின் 2018 வழிகாட்டுதல் கூறுகிறது. நம் வீடுகளிலோ, "பண்டிகை முடியட்டும், மகன் லீவில் வரட்டும்" என்று தள்ளிவைக்கிறோம்.

மற்றொரு தாமதம் ஊசி தொடங்கிய பிறகு வருகிறது. சாதாரணமாக முதல் மூன்று ஊசிகள் மாதம் ஒன்றாகப் போடப்படும். அதற்குப்பின் ஓ.சி.டி. படத்தைப் பார்த்து இடைவெளி முடிவு செய்யப்படும். "இப்போது நன்றாகத் தெரிகிறதே" என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். கசிவு திரும்பி வரும்போது, நோயாளிக்குத் தெரியுமுன்னே படத்தில் தெரியக்கூடும். ஊசி போட்ட சில நாட்களில் கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் மறுநாள் வரை காத்திராமல் உடனே வர வேண்டும்.

உலர்ந்த வகைக்கு 2023-ல் அமெரிக்காவில் இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அவை அழிவின் வேகத்தைக் குறைக்கின்றன. இழந்த பார்வையைத் திருப்பித் தருவதில்லை. நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிய நோய் உள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாகக் கலவை ஐந்து வருடங்களில் ஆபத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது என்று 2001-ல் வெளியான ஆய்வு கூறியது. அந்தக் கலவையிலிருந்த பீட்டா கரோட்டின், புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால், 2013-ல் வெளியான அடுத்த ஆய்வின்படி அதற்குப் பதிலாக லூட்டீன், ஜியாசாந்தின் சேர்க்கப்படுகின்றன. மருந்துக் கடையில் தானாக வாங்க வேண்டாம். எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. புகைபிடித்தலை விடுவதோ எல்லாருக்கும் வேண்டியது.

7. இல்லாத உருவங்கள்

பார்வை குறைந்த பெரியவர்கள் சிலர் மருத்துவமனைப் போதகரிடம் மாத்திரம் தாழ்ந்த குரலில் சொல்லும் காரியம் ஒன்று உண்டு. "ஐயா, சுவரோரமா சின்னப் பிள்ளைங்க நிக்கிற மாதிரி தெரியுது. மகன்கிட்ட சொல்லிடாதீங்க, புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைப்பான்" என்பார்கள். வேறு சிலர் பேய் என்று நடுங்குவார்கள்.

இதற்கு சார்ல்ஸ் பானே நோய்க்குறி என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த பானே என்பவர், பார்வை குறைந்த தம் பாட்டனார் கண்ட உருவங்களைக் குறித்து 1760-ல் எழுதினார். கண்ணிலிருந்து செய்தி குறைந்தபோது மூளை தானாகவே படம் வரைகிறது. உருவங்கள் பேசுவதில்லை, அவை மெய்யல்ல என்று காண்பவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும். இது பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல. மந்திரிக்க அழைத்துப் போக வேண்டாம். கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது இன்னதென்று தெரிந்ததே பலருக்குப் பாதி ஆறுதல்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. மாக்குலா நோய் மட்டும் முழு இருளைக் கொண்டுவருவதில்லை. பக்கப் பார்வை நிலைத்திருப்பதால், தனியே நடமாடலாம். நல்ல வெளிச்சம், உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துப் புத்தகம், சற்று விலக்கிப் பார்க்கும் பயிற்சி ஆகியவற்றால் வாசிப்பையும் ஓரளவு மீட்கலாம்.

8. வீட்டில் செய்ய வேண்டியவை

அ) ஐம்பது வயதைக் கடந்தவர்கள் வாரம் ஒருமுறை, வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஆம்ஸ்லர் அட்டை இல்லாவிட்டால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஜன்னல் கம்பி, தரை ஓடுகளின் கோடு எதுவும் உதவும்.

ஆ) கோடு வளைந்தாலோ நடுவில் மங்கல் தெரிந்தாலோ அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டம் சரியாகத் தெரிந்தாலும், மருத்துவர் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போகத் தவறாதீர்கள். கட்டம் எல்லாவற்றையும் காட்டாது.

இ) பரிசோதனை நாளில் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் மங்கலாயிருக்கும், வெயில் கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வண்டி ஓட்ட வேண்டாம்.

ஈ) பழைய படங்களையும் அறிக்கைகளையும் ஒரே உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். முந்தின படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.

கூடிப் பேசுவதற்கு:

1. நம் சபையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டும் வாசிக்காமல் இருக்கும் பெரியவர்கள் யார்? காரணத்தை யாராவது அன்பாய் விசாரித்ததுண்டா?

2. எதிரே வந்தும் வணக்கம் சொல்லாமல் போகிறவரைப் பெருமைக்காரர் என்று நினைத்திருக்கிறோமா? முகம் தெரியாதது காரணமாயிருக்குமா?

3. மாதம் ஒருமுறை ஒரு பெரியவரை ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அழைத்துச் சென்று கூட்டிவர நம்மில் யார் ஆயத்தம்?

இந்த மடலை வாசித்து முடித்ததும், இதே பக்கத்தைக் கையில் பிடித்து முதலில் வலது கண்ணையும் பின்பு இடது கண்ணையும் மூடிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் மூத்தவரிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுமையாய்க் கேளுங்கள்.